மாமியாருடன் சேப்பாக்கம் போனேன்

சென்னைக்கு விருந்தாளி வந்தால் நீங்கள் எங்கெங்கே அழைத்துப் போவீர்கள்? சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். முதல் நாள் மெரினா கடற்கரை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். இரண்டாம் நாள் கபாலீசுவரர் கோயில். மூன்றாம் நாள் எழும்பூர் மியூசியம். அங்கே பாதி வழியிலேயே குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். நாலாம் நாள் மகாபலிபுரம். மிச்ச நாட்களெல்லாம் தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்குச் சமர்ப்பணம். விருந்தாளி ரயில் ஏறும்போது, "ஊரை முழுக்கப் பார்த்தாயிற்று" என்பார். நாமும் தலையை ஆட்டி வைப்போம்.

அந்த ஜாபிதாவில் இல்லாத ஓர் இடத்துக்கு உங்களை இன்றைக்கு அழைத்துப் போகப் போகிறேன். அதுவும் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். "ஐயே, கிரிக்கெட்டா! அது ஆண்பிள்ளைகள் சமாசாரம் அல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என்னோடு வந்தவர்கள் இரண்டு பேரும் பெண்கள். ஒருத்திக்கு வயது இருபத்திரண்டு. இன்னொருவருக்கு எழுபத்தெட்டு.

இருபத்திரண்டு வயதுக்காரி என் அண்ணன் மகள். அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் பிறந்து வளர்ந்தவள். 2023 ஏப்ரலில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, மதுரை எல்லாம் சுற்றி முடித்துக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் பந்தாட்டம் பார்க்கும் இடத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் போதுமாம். அவள் நாட்டில் பந்தாட்டம் என்றால் பேஸ்பால். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் என் அண்ணன் அவளைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான். நாம் தலம் தலமாகப் போவதுபோல அவர்கள் மைதானம் மைதானமாகப் போயிருக்கிறார்கள். பாஸ்டனில் 1912ல் கட்டிய மைதானமும், சிகாகோவில் 1914ல் கட்டிய மைதானமும் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம். அவற்றைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் தெரிகிற பக்தியைப் பார்த்தால், "அங்கே பிரசாதம் என்ன கொடுப்பார்கள்?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கேட்டேன். வேர்க்கடலையாம்.

"அத்தை, இங்கே ப்ரொபஷனல் மேட்ச் எங்கே பார்க்கலாம்?" என்றாள் வந்த மறுநாளே.

அவள் "அத்தை" என்று கூப்பிட்டதும் நான் திரும்பினேன். நான் என் மாமியாரை "அத்தை" என்று கூப்பிடுகிற வழக்கத்தினாலோ என்னவோ, மாமியாரும் திரும்பினார். இந்தக் கதை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் நெடுஞ்சாலையில், பாடியைத் தாண்டி, அம்பத்தூருக்கு முன்னால். பாடியில் சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் இருக்கிறது. அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. மண்ணூர்பேட்டையைத் தேடி யாரும் வரமாட்டார்கள், வேலை தேடி வந்தால்தான் உண்டு. 1964ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்த பிறகு, லேத்து சத்தமும், லாரிப் புழுதியும், ஷிப்டு மாறும் நேரத்துச் சைக்கிள் கூட்டமும்தான் எங்கள் ஊர் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொழிற்பேட்டைச் சாலைகள் ஓய்ந்து கிடக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் மூன்று கல்லை அடுக்கி, டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி இதுவரை நாலு தரம் மாற்றியாயிற்று.

என் மாமியார் திருத்தணிப் பக்கம். கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்தது 1965ல். மாமனாருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு லீவைச் சேர்த்து வைப்பார்; சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் வந்தால் ஐந்து நாளும் போய்விடுவார். விடியற்காலையில் மாமியார் எழுந்து தயிர் சாதம் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாய் வைத்து, தூக்கில் போட்டுக் கொடுப்பார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. இருபது வருஷத்துக்கு மேல், எத்தனை பந்தயமோ அத்தனைக்கும்.

மண்ணூர்பேட்டையிலிருந்து சேப்பாக்கம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்தத் தூக்கு அந்த 15 கிலோமீட்டரை எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது. அதைக் கட்டிக் கொடுத்தவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

1986 செப்டம்பரில் நடந்த டெஸ்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து ஆடி 210 ஓட்டம் குவித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். நம் கபில்தேவ் 119 அடித்தார். ஐந்தாம் நாள், செப்டம்பர் 22ம் தேதி, இந்தியா ஜெயிக்க 348 வேண்டும். 347 எடுத்திருக்கும்போது, ஆட்டத்தின் கடைசிக்கு முந்தைய பந்தில், கடைசி விக்கெட் விழுந்துவிட்டது. டெஸ்ட் கிரிக்கெட்டின் சரித்திரத்திலேயே அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1960ல் பிரிஸ்பேனில், இரு பக்கமும் சமமாக முடிந்திருந்தது.

அந்த ஐந்து நாளும் மாமனார் சேப்பாக்கத்தில். வீட்டிலிருந்த டிரான்ஸிஸ்டரையும் கையோடு கொண்டு போய்விட்டார். மைதானத்தில் உட்கார்ந்துகொண்டே காதில் வர்ணனையும் கேட்பது அந்தக் காலத்து ரசிகர்களின் நாகரிகம். ஆகவே மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி அவர் திரும்பி வந்ததும் நடந்த சம்பாஷணையை மாமியார் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

"ஜெயிச்சாச்சா?"

"இல்லை."

"தோத்துட்டாங்களா?"

"இல்லை."

"சரி, ட்ரா ஆயிடுச்சு."

"அதுவும் இல்லைடி!"

"பின்னே என்னதான் ஆச்சு? அஞ்சு நாள் சோத்தைக் கட்டிக்கிட்டுப் போய் அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் மாமியார் கிரிக்கெட்டை விடவில்லை. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டே ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் கற்றுக்கொண்டவர். பிறகு டெலிவிஷன். சேப்பாக்கத்தில் எந்த முனையிலிருந்து காற்று வரும் என்பது அவருக்குத் தெரியும். பார்த்தது மட்டும் இல்லை.

அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து மூன்று டிக்கெட் வாங்கிவிட்டாள். 2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழரை மணி. சென்னை சூப்பர் கிங்ஸ், கொல்கத்தா நைட் ரைடர்ஸ். அந்த வருஷம் அந்த மைதானத்தில் சென்னை அணிக்குக் கடைசி லீக் ஆட்டம். மிகக் குறைந்த டிக்கெட்டே 1,500 ரூபாய். எங்கள் மூன்று டிக்கெட்டுக்கும் சேர்த்து என்ன ஆயிற்று என்பதை மாமியாரிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

"நான் எதுக்கும்மா? முட்டி வலி. ஜனங்க இடிப்பாங்க" என்றார் மாமியார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தால், சமையலறையில் அந்தப் பழைய தூக்கு துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறது!

வெளிச் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் மைதானத்துக்குள் கொண்டு போகக் கூடாது. டிக்கெட்டோடு வந்த விதிகளில் அதைப் படித்துச் சொன்னேன். மாமியார் அசரவில்லை. "உள்ளே விடலேன்னா வெளியே சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார். முப்பத்தேழு வருஷ அனுபவம் பேசுகிறது, நான் என்ன சொல்வது?

பட்டறவாக்கம் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் மின்சார ரயில் ஏறினோம். கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மஞ்சள் சட்டைகள் ஏறின. பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றபோது பெட்டியே மஞ்சளாகிவிட்டது. முதுகில் எல்லாருக்கும் 7 என்ற எண். மாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆடி மாசம் மாரியம்மன் கோயிலுக்குப் போற மாதிரி இருக்கு" என்றார். மூர்மார்க்கெட் கட்டிடத்தில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடித்தோம். சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம். 1995லேயே இந்த ரயில் வந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதையொட்டி வெள்ளைக் குடைகளைக் கவிழ்த்தது போன்ற மைதானத்தின் கூரைகள், அப்பால் கடல்.

நேரே மைதானத்துக்குப் போகாமல் மெரினா மணலில் போய் உட்கார்ந்தோம். வெயில் இறங்கியிருந்தது. தூக்கைத் திறந்தால் தயிர் சாதம், நார்த்தங்காய். அண்ணன் மகள் கையாலேயே சாப்பிட்டாள். "பாட்டி, எங்க ஊர்ல மேட்சுக்குப் போனா ரொட்டிக்கு நடுவுல இறைச்சி வெச்சு பத்து டாலருக்கு விப்பாங்க. இது அதைவிட நல்லா இருக்கு" என்றாள். மாமியாருக்குப் பரம திருப்தி. தூக்கைக் கழுவி, அங்கே சுண்டல் விற்ற ஓர் அம்மாளிடம், "ராத்திரி வந்து வாங்கிக்கறேன், பார்த்துக்கம்மா" என்று கொடுத்துவிட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி உள்ளே போவோம். சோதனை, வரிசை, படிக்கட்டு, இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். எங்கள் வரிசையில் இருந்த பையன்களே மாமியாருக்கு இரண்டு பக்கமும் கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள். கடைசிப் படியில் காலை வைத்து அவர் நிமிர்ந்தபோது, வெளிச்சக் கோபுரங்களின் ஒளியில், கீழே பச்சை வட்டம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. மாமியார் நின்றுவிட்டார். பின்னால் வருகிறவர்கள் நிற்கிறார்கள் என்று நான் தோளைத் தொட்டேன்.

"இவ்வளவு சின்னதா!" என்றார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஏறக்குறைய 38,000 பேர் உட்காரும் இடம். பிறகுதான் புரிந்தது, அவர் மனத்தில் இத்தனை வருஷமாகக் கட்டி வைத்திருந்த மைதானம் அதைவிடப் பெரியது. 1934ல் இங்கே நடந்த முதல் டெஸ்ட், 1952ல் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்து இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடிக் கொடுத்தது, எல்லாவற்றையும் மாமனார் கதையாகச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் அடங்க வேண்டாமா?

நீங்கள் டெலிவிஷனில் ஆட்டம் பார்க்கிறவரானால் ஒன்று சொல்கிறேன். டெலிவிஷனில் நாம் பந்தைப் பார்க்கிறோம். மைதானத்தில் மனிதர்களைப் பார்க்கிறோம். பந்து போடுவதற்கு முன்பே பதினோரு பேரும் இரண்டடி முன்னால் வருவதும், காப்டன் ஒரு விரலை அசைத்ததும் எங்கோ கோடியில் நிற்கிறவன் நாலு தப்படி நகர்வதும், அந்த நாலு தப்படியில் பிறகு ஒரு காட்ச் விழுவதும், வீட்டில் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியவே தெரியாது. பந்து மட்டையில் படும் சத்தம் கண்ணுக்குப் பின்னால் ஒரு கணம் தாமதித்து வந்து சேரும். விளம்பரம் கிடையாது. ஆனால் ஒரு கஷ்டம், ஆட்டமிழந்தது எப்படி என்று பக்கத்திலிருப்பவர் கத்தலில் கோட்டைவிட்டால் போயிற்று. பெரிய திரையைத்தான் பார்க்கவேண்டும்.

சென்னை முதலில் ஆடியது. பந்து சுழன்றது; ஓட்டம் வரவில்லை. கொல்கத்தாவுக்கு ஆடிய வருண் சக்கரவர்த்தி இரண்டு விக்கெட் எடுத்தபோது மாமியார் கைதட்டிவிட்டார். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்.

"நம்ம தமிழ்நாட்டுப் பையன்தானே?" என்றார் மாமியார்.

"பையன் நம்ம பையன்தான் பாட்டி, ஆனா அவர் கொல்கத்தா டீம்" என்றான் பின் வரிசைப் பையன்.

"அப்ப இந்தப் பக்கம் ஆடறவங்க?"

அந்தப் பையன் கணக்குச் சொன்னான். தோனி ராஞ்சிக்காரர், ஜடேஜா சௌராஷ்டிரம், கான்வே நியூஜிலாந்து, மொயீன் அலி இங்கிலாந்து, பதிரனா இலங்கை. 2008ல் இந்தப் பந்தயம் தொடங்கியபோதே ஏலம் போட்டுத்தான் ஆட்களை எடுத்தார்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், எந்த ஊர் கூப்பிடுகிறதோ அந்த ஊர்.

அண்ணன் மகளுக்கு இதில் வியப்பே இல்லை. அவர்கள் நாட்டில் 1869லேயே சின்சினாட்டி நகரத்தில் ஒரு பேஸ்பால் அணி முழுக்க முழுக்கச் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கிவிட்டதாம். ஆட்களென்ன, அணியே மூட்டை கட்டிக்கொண்டு போவதும் உண்டு. நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் இருந்த டாட்ஜர்ஸ் அணி 1957ம் வருஷத்து ஆட்டங்களை முடித்துக்கொண்டு, நாட்டின் மறுகோடிக்கு, லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது.

"இது என்ன விசுவாசம் அத்தை? காசுக்கு வந்தவங்க மேல இத்தனை பேர் உயிரை விடறாங்களே" என்று நான் மாமியாரிடம் சொன்னேன்.

மாமியார் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏன், நீ மண்ணூர்பேட்டையிலா பொறந்தே? நான்தான் பொறந்தேனா? வந்த வீட்டுக்குத்தானே உழைக்கிறோம்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

நடுவே ஒரு பந்து சிக்ஸராக எங்களுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. ஒருவர் தாவிப் பிடித்தார். உடனே உள்ளே வீசியும் விட்டார். அண்ணன் மகளுக்குத் தாங்கவில்லை. "திருப்பிக் கொடுத்துட்டாரே!" என்று பதறினாள். பேஸ்பாலில் கூட்டத்துக்குள் வரும் பந்து பிடித்தவருக்கே சொந்தமாம். 1921ல் நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்பவர் பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார். மைதானத்தார் அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்து 100 டாலர் நஷ்டஈடு வாங்கிவிட்டார். ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே பந்தை மாற்றிவிடுவார்கள். ஓர் ஆட்டத்துக்கு நூறு பந்துக்கு மேல்கூடச் செலவாகும். இங்கேயோ ஒரு பந்தைக் கொண்டே ஒரு பக்கத்து ஆட்டம் முழுவதும் நடந்தாக வேண்டும். டெஸ்டில் 80 ஓவர் வரை புதுப்பந்து கிடையாது. தேயத் தேயத்தான் அது சுழலும். சுழலும்போதுதான் சேப்பாக்கம் சேப்பாக்கமாகும்.

இதை எப்படி அவளுக்கு விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள் மாமியார் முடித்துவிட்டார். "பழகின தோசைக்கல்லை யாராவது தூக்கிக் கொடுப்பாங்களா, கண்ணு? புதுக்கல்லுல தோசை வருமா?"

சென்னை 20 ஓவரில் 144. சிவம் துபே ஒருவர்தான் கடைசிவரை நின்று 48 எடுத்தார். கடைசி ஓவரில் தோனி மட்டையோடு படியிறங்கி வந்தபோது எழுந்த சத்தத்தை நான் எழுத்தில் காட்ட முடியாது. எங்கள் வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாளே பார்க்க வேண்டும்! "பொம்பளைப் பிள்ளை விசில் அடிக்கலாமா?" என்று என் நாத்தனார்களை எத்தனை தரம் மாமியார் வைதிருக்கிறார்! அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்தேன். "எப்படி அடிக்கறே? நாக்கை மடக்கணுமா?" என்றார்.

தோனி எடுத்தது இரண்டே ஓட்டம். அதற்கே அப்படி.

கொல்கத்தா ஆடத் தொடங்கியதும் தீபக் சாஹர் முதல் மூன்று விக்கெட்டையும் சாய்த்துவிட்டார். 33க்கு 3. கூட்டம் ஆடிற்று. அதன் பிறகு நிதீஷ் ராணாவும் ரிங்கு சிங்கும் சேர்ந்து நின்றார்கள். 99 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்தது. இதுவும் டெலிவிஷனில் கிடைக்காத ஒன்று. முப்பதாயிரம் பேர் ஒன்றாக மௌனமாவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கடற்காற்றில் கொடித்துணி படபடப்பது அப்போது தெளிவாகக் கேட்கும். 19வது ஓவரில் ஆட்டம் முடிந்தது. சென்னை தோற்றுவிட்டது.

எனக்கு மாமியாரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எழுபத்தெட்டு வயதில் முதன்முதலாக வந்து, தோல்வியைப் பார்ப்பானேன்?

"போகலாமா அத்தை?" என்றேன்.

"யாரும் எழுந்திருக்கலையே" என்றார்.

உண்மைதான். சற்று நேரத்தில் சென்னை அணி மைதானத்தை வலம் வந்தது. தோனி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார். கையில் கிரிக்கெட் மட்டை இல்லை, டென்னிஸ் மட்டை! பந்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் அடித்தபடி போனார். இந்தப் பந்துகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அண்ணன் மகள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். அந்தச் சமயத்தில் பெரிய திரையில் ஒருவர் ஓடி வருவது தெரிந்தது. சுனில் காவஸ்கர்! 73 வயது. தோனியிடம் சட்டையைக் காட்டி, அதிலேயே கையெழுத்துப் போடச் சொன்னார்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர்தானே அன்னிக்கு 90 அடிச்சவர்?" என்றார். 1986ல், அந்த ஐந்தாம் நாள், காவஸ்கர் எடுத்தது 90. டிரான்ஸிஸ்டர் இல்லாத வீட்டில் ராத்திரி கேட்டுத் தெரிந்துகொண்ட எண் அது. நான் சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது.

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பந்து வந்தது. பிடித்த பையன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான், மாமியாரைப் பார்த்தான், "பாட்டி, தொட்டுப் பாக்கறீங்களா?" என்று நீட்டினான். மாமியார் வாங்கி, உருட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம ஜன்னலை உடைக்கிற பந்து!" என்றார்.

திரும்பி வரும்போது மெரினாவில் அந்தச் சுண்டல்கார அம்மாள் தூக்கோடு காத்துக்கொண்டிருந்தாள். வாடகைக் காரில் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

இரண்டு வாரம் கழித்து அகமதாபாத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஜடேஜா கடைசிப் பந்தில் நாலு அடித்துச் சென்னைக்குக் கோப்பை வந்த கதை உங்களுக்குத் தெரியும். அண்ணன் மகள் அப்போது ஊர் திரும்பிவிட்டாள். நான் சொல்ல வந்தது அது அல்ல. போகும்போது அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அதே 2023ல்தான் பெண்களுக்கும் இப்படியொரு சம்பளப் பந்தயம் தொடங்கியிருந்தது. மும்பை, தில்லி, பெங்களூர், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகள். "சென்னைக்கு ஏன் இல்லை, அத்தை?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆடுகிற பெண்களுக்கா பஞ்சம்? உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் திருஷ் காமினி நம் தமிழ்நாட்டுக்காரர்தான், அது 2013ல். மதுரைப் பெண் கமலினியைப் பதினாறு வயதில், 2024 டிசம்பர் ஏலத்தில், மும்பை அணி 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

2024 ஜூனில் சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் நடந்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். இந்தத் தடவை மாமியாரே கேட்டார், "போகலாமா?" என்று. எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டைச் சாலையில் பையன்களோடு ஆடுகிறவள். எங்கள் கண்ணாடிகளில் ஒன்று அவள் கணக்கு. அவளையும் அழைத்துக்கொண்டோம். முதல் நாளே ஷெபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149, முதல் விக்கெட்டுக்கு 292 என்று பத்திரிகையெல்லாம் அல்லோலகல்லோலம். இந்தியா 603 எடுத்து நிறுத்தியிருந்தது. பெண்கள் டெஸ்டில் அதற்கு முன் யாரும் எடுக்காத தொகை. நாங்கள் போனது மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

நெரிசல் இல்லை, கூச்சல் இல்லை. நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலி. முதன்முதலாக மைதானம் பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது, இப்படிப்பட்ட ஒரு நாளில் போங்கள். கடற்காற்றில் காலை நீட்டி உட்காரலாம். ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதுகூடக் காதில் விழும். ஸ்நேஹ் ராணா என்ற நம் பெண் எட்டு விக்கெட்டை எடுத்துத் தென்னாப்பிரிக்காவை 266ல் சுருட்டி, திரும்பவும் ஆடச் சொல்லியாயிற்று. தோல்வி ஏறக்குறைய நிச்சயம். ஆனாலும் சூனே லூஸ் என்ற அந்த நாட்டுப் பெண் மணிக்கணக்காக வெயிலில் நின்றாள். மறுபுறம் அவர்கள் காப்டன் லாரா வோல்வார்ட். சூனே லூஸ் சதம் அடித்தபோது மாமியார் எழுந்து நின்று கைதட்டினார். முட்டி வலி எங்கே போயிற்றோ தெரியாது. எதிர் வீட்டுப் பெண் அன்று பூராவும் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்து போடுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, இவங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று ரயிலில் கேட்டாள்.

உண்டு என்றேன். 2022 அக்டோபரிலிருந்து ஆண்களுக்குக் கொடுக்கும் அதே ஆட்டத் தொகைதான். டெஸ்ட் ஒன்றுக்கு 15 லட்சம்.

மறுவாரம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பம். பெண் பிடிவாதம் பிடிக்கிறாளாம். பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாமாம். ஆனால் பயிற்சி முடிய மாலை ஆறரை ஆகும், அப்புறம் இருட்டில் பஸ் பிடித்துத் தனியாக வரவேண்டும், அவள் அப்பாவுக்கோ இரண்டாவது ஷிப்டு. "நீங்களே சொல்லுங்கக்கா, எப்படி அனுப்பறது?" என்றாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எத்தனை மணிக்குன்னு கேட்டு வையி. நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."